சாக்கு போட்டு மூடிய வாளி

ஆறு நாள் தறியில் நின்றுவிட்டு, ஞாயிறு காலையில் சங்கரன்கோவிலில் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குத் தூண்டில் போடப் போவேன். நல்ல இடம் எது என்று யாரிடமும் கேட்கக் கூச்சம். நாலு மாதம் வெறுங்கையோடு அலைந்த பிறகு, ஓடை கடலில் சேரும் ஒரு மூலையை நானே கண்டுபிடித்தேன். அன்று மதியத்துக்குள் ஏழு கிழங்கான் மீன் விழுந்தன.

அப்போது என் வயதுக்காரர் ஒருவர் தூண்டிலோடு வந்தார். சட்டென்று வாளிமேல் ஈரச் சாக்கை இழுத்துவிட்டேன்.

“இங்கன விழுதா அண்ணாச்சி?”

“ஒண்ணும் இல்ல. காலைலேருந்து சும்மாதான் நிக்கேன்.”

“எந்த ஊரு?”

“சங்கரன்கோவில்.”

“அம்புட்டுத் தூரமா? வெறுங்கையோட போனா வீட்ல கேலி பண்ணுவாவல்லா!” என்று சிரித்தபடி, தன் பையிலிருந்த இரண்டு மீனில் ஒன்றை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். வாளியைத் திறக்க முடியாமல், அவர் என் கண்ணைவிட்டு மறையும்வரை அந்த மீனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் என் மனைவி எட்டு மீனையும் குழம்பு வைத்தாள். களைப்பாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

இப்போது அந்த இடத்தை யார் கேட்டாலும் சொல்லிவிடுகிறேன். அவர் மட்டும் இன்னும் கேட்க வரவில்லை.