மேடம் பார்க்கும்வரை அவிழ்க்கக் கூடாது

கொரோனா வந்ததிலிருந்து எங்கள் நர்சிங் மாணவிகளுக்குச் செய்முறைப் பாடமும் ஆன்லைனில்தான். காரைக்குடியில் என் சமையலறைதான் வகுப்பறை.

இன்று காலை தலைக்காயத்துக்குக் கட்டுப் போடும் பாடம். காளையார்கோவில் பக்கத்திலிருந்து வள்ளி, தன் சித்தப்பாவை உட்காரவைத்து, பழைய வேட்டியைக் கிழித்து நெற்றியிலிருந்து காதுவரை அழகாகச் சுற்றினாள்.

கடைசி முடிச்சில் சிக்னல் போய்விட்டது.

"மேடம் பாத்து மார்க் போடுற வரைக்கும் அவுக்கக் கூடாது, சித்தப்பா" என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

அவரும் அவிழ்க்கவில்லை. கட்டோடு மாட்டுக்குத் தவிடு வாங்கக் கடைக்குப் போய்விட்டார்.

மதியம் வள்ளி மறுபடி வீடியோவில் வந்தாள். பின்னால் வாசல் முழுக்க முகக்கவசங்கள். சித்தப்பாவுக்கு மண்டை உடைந்துவிட்டதென்று தெருவே ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்து நிற்கிறது.

நான் பதறிப்போய், "மார்க் போட்டாச்சுண்ணே, கட்டை அவுத்துருங்க" என்றேன்.

அவர் போனை வாங்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும் டீச்சர். மச்சான் இப்பத்தான் கோழி அடிக்கப் போயிருக்காக. நீங்க ஏன் அவசரப்படுறீக?"

வள்ளிக்கு முழு மார்க். நோயாளியை எப்போது டிஸ்சார்ஜ் செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.