அழுதால் ஆத்மா திரும்பிப் பார்க்குமாம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் ஆத்ம விசாரணைக்கு நடுவே மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ யூரியா வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உரக்கடை கீழே, ஆத்மா மேலே — எங்கள் ஏற்பாடு அப்படி. வழி தப்பி ஏறி வருகிறவர்கள் உண்டு.

வந்தது முத்துலட்சுமி மதினி.

கடைக்காரர் கோமதிநாயகம் அண்ணாச்சியின் மனைவி. வீடு கடைக்குப் பின்னாலேயேதான். இத்தனை வருடத்தில் மதினி அந்தப் படியேறி வந்ததே கிடையாது. டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றி முதல் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு எங்கள் வட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் உரம் விற்கும் அண்ணாச்சிக்குப் பிரம்மஞானத்தில் பெரிய ஈடுபாடு. எல்லா மதமும் ஒரே உண்மையைத்தான் சொல்கிறது, மனிதன் என்பவன் உடம்பல்ல, உடம்பை மாட்டிக்கொண்டிருக்கும் ஆத்மா, அது பிறவி பிறவியாகப் பாடம் படித்துக்கொண்டே போகிறது — இந்த மாதிரி. ரிட்டயரான வாத்தியார், மெடிக்கல் ஸ்டோர்காரர், நான், இன்னும் ஒன்றிரண்டு பேர். ஞாயிறுதோறும் பிரம்மஞானப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் வாசிப்போம், அண்ணாச்சி விளக்குவார். நான் கடலை மிட்டாய்க்காகத்தான் போகிறேன் என்று என் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

எங்கள் எல்லோருக்கும் பிடித்த அத்தியாயம் மரணம்தான். இருக்காதா பின்னே?

செத்தவர் உடனே எங்கேயும் போய்விடுவதில்லையாம். சட்டையைக் கழற்றுகிற மாதிரி உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொஞ்ச காலம் சூட்சுமமாக இங்கேயே இருப்பாராம். அப்புறம் மேலே... இன்னும் மேலே. அந்த வழியில் நாம் அழுது கூப்பிட்டால் ஆத்மா திரும்பிப் பார்க்குமாம். போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் தவிக்குமாம். அதனால் அழுவது நம்முடைய சுயநலம்; நல்ல நினைப்பை அனுப்பி வழிவிடுவதுதான் அன்பு. அண்ணாச்சி இதைச் சொல்லும்போது நமக்கே செத்துப் பார்க்கலாமா என்று தோன்றும். அவ்வளவு அழகாகச் சொல்வார்.

கேட்டோம், சரி. கேட்டதோடு விட்டோமா? சாவு வீட்டை எங்கள் பக்கம் துட்டி வீடு என்போம். துட்டி வீடுகளுக்குக் கூட்டமாகக் கிளம்பிப் போக ஆரம்பித்தோம். நெஞ்சடைக்க அழுதுகொண்டிருப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அழக்கூடாது என்று வகுப்பெடுத்தோம். எங்களைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு.

பிறகு அந்தச் சாவு அண்ணாச்சி வீட்டுக்கே வந்தது.

சுந்தர். ஒரே பிள்ளை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் ஜிம்முக்குப் போனவன் அங்கேயே சரிந்துவிட்டான். மறுநாள் ஆம்புலன்ஸில்தான் ஊருக்கு வந்தான்.

இடைசெவலிலிருந்து மதினியின் அக்காவும் சொந்தக்காரப் பெண்களும் வேனில் வந்து இறங்கினார்கள். தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, ஒப்பாரியோடு வீட்டை நோக்கி வந்தார்கள். அதுதான் முறை. அண்ணாச்சி வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க கால்ல விழுதேன் தாயி. யாரும் அழாதீங்க. எம்புள்ள நிம்மதியாப் போகட்டும்."

பெண்கள் பாதிப் பாட்டில் நின்றுவிட்டார்கள். "பின்ன நாங்க எதுக்கு வந்தோம்?" என்று கேட்டார் மதினியின் அக்கா.

உள்ளே மதினி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளையைத் தூக்கும்போதும் சத்தம் இல்லை. நான் எத்தனையோ துட்டி வீட்டில் இருந்தவன். ஃப்ரீசர் பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்ட துட்டி வீடு அது ஒன்றுதான். எனக்குப் பயமாக இருந்தது.

ஊர் 'கல்லு மனசு' என்றது. எங்கள் வாட்ஸ்அப் குரூப் 'பக்குவம்' என்றது. கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

பிரம்மஞானத்தை மட்டும் குறை சொல்வானேன்? இந்தக் காலத்துக்கே அழுகை ஆகவில்லை. கருமாதி முடிந்த கையோடு 'ஸ்ட்ராங்கா இருங்க' என்கிறோம், 'நார்மலுக்கு வாங்க' என்கிறோம். யாருக்காக? அழுகிறவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நமக்குச் சங்கடம், அவ்வளவுதான். புத்தகம் ஆத்மாவின் நிம்மதிக்காக அழாதே என்கிறது. நாம் நம்முடைய சௌகரியத்துக்காக அழாதே என்கிறோம். மதினிக்கு இரண்டு பக்கமும் வாயை அடைத்தாகிவிட்டது.

இன்னொன்று. சுந்தர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வீடியோ கால் பண்ணுவான். அப்பா மேலே எங்களோடு இருப்பார். அது அம்மாவின் நேரம். மதினி போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய் முருங்கையைக் காட்டுவார், வானத்தைக் காட்டுவார். இவர்களுக்கு ஊரில் கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு; உளுந்து போடுவார்கள். 'மழை உண்டாம்மா?' என்பதுதான் அவன் முதல் கேள்வி.

அவன் போன பிறகு, அந்த நேரத்தில் மதினி கீழே தனியாக என்ன செய்துகொண்டிருந்தார்? எங்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நாங்கள் மேலே ஆத்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

போன ஞாயிறு நல்ல மழை. விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முகமெல்லாம் தெளிந்த மழை. அது ஓய்ந்த நேரத்தில்தான் மதினி படியேறி வந்தார்.

உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. கையில் போன் இருந்தது. அண்ணாச்சியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "தம்பி, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளுங்க மதினி."

"அழுதா ஆத்மா திரும்பிப் பாக்கும்னு சொல்லுதீங்கல்லா... நெசந்தானா?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. வாத்தியார்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா தாயி, புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. அதனாலதான் அழக்கூடாதுன்னு சொல்லுதோம்" என்றார்.

மதினி கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"மழை பெஞ்சிச்சுல்லா... அவன்ட்ட சொல்லணும்னு போனை எடுத்துட்டேன் தம்பி. எடுத்த பொறவுதான் நெனப்பு வந்துச்சு."

போனின் திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"இவிய சொன்னாவளேன்னு இம்புட்டு நாளும் அடக்கிட்டுத்தான் இருந்தேன். அவன் நல்லபடியாப் போகணும்லா. ஆனா எம்முகத்தைப் பாக்காமலே போயிட்டான். அழுதா திரும்பிப் பாப்பான்னா... ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டுமே. அதுல என்ன குத்தம் வந்துரப் போகுது?"

இதற்கு எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது? கர்மா, பிறவி, சூட்சும உடல் என்று எத்தனை வருடம் வாசித்தோம்! இப்படி ஒரு கேள்வி வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அழுதால் ஆத்மா தவிக்கும் என்று நாங்கள் படித்த அதே வரியை, அழுதால் பிள்ளை பார்ப்பான் என்று ஒரு தாய் படித்திருக்கிறார். நான் குனிந்துகொண்டேன்.

மதினி அழ ஆரம்பித்தார். ஆனால் சத்தம் வரவில்லை. அடக்கி அடக்கிப் பழகிய தொண்டை, காற்றுதான் வந்தது.

அண்ணாச்சி எழுந்தார். அடையாளம்கூட வைக்காமல் புத்தகத்தை மூடினார். மறுபடியும் கும்பிட்டு, அழாதே என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மதினியின் பக்கத்தில் போய், எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தமா அழு முத்து" என்றார். "மாசக்கணக்கா ஆயிப்போச்சுல்லா... ரொம்பத் தூரம் போயிருப்பான்."

கடைவீதி முழுக்கக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.