வெள்ளிக்கிழமை வந்த ஆள் கணக்கு அதிகாரி

நேற்று மத்தியானம்தான் எனக்கு மூச்சே ஒழுங்காக வந்தது மக்களே!

நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு அரசு லேபில் விஞ்ஞானி.

(விஞ்ஞானி என்றதும் ராக்கெட்டை எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். தோல் பதனிடும் டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் கொண்டு வரும் தோல் துண்டில் ஆகாத கெமிக்கல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. நான் சரி என்று சொன்னால்தான் சரக்கு கப்பல் ஏறும்.)

எங்கள் இன்சார்ஜ் போன மாதம் ரிட்டயர் ஆனார். அடுத்த சீனியர் நான். "தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சாவியை என் கையில் திணித்துவிட்டார்கள்.

எனக்கும் தலைமைக்கும் ஏழாம் பொருத்தம். இரண்டு வருடம் முன்பு ஹைதராபாத்தில் லீடர்ஷிப் டிரெய்னிங் அனுப்பினார்கள். ஸ்ட்ராவில் கோபுரம் கட்டச் சொன்னார்கள், கண்ணை மூடிக்கொண்டு பின்னால் விழச் சொன்னார்கள். கடைசியில் என்னைப் பற்றி எழுதிக் கொடுத்தது ஒரே வரி: "வாயைத் திறக்க வேண்டும்."

இந்த லட்சணத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில்.

எந்த லேபில் ஆள் ஜாஸ்தி, எங்கே கம்மி, அடுத்த தலைமைக்கு யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு பெரிய அதிகாரி நேரில் வருகிறாராம். ஜாஸ்தி என்று எழுதினால் போஸ்ட்டோடு ஆளையும் வேறு மாநிலத்துக்குத் தூக்கிவிடுவார்கள்.

எங்கள் லேபில் தூக்கினால் ரேவதியைத்தான் தூக்குவார்கள். கடைசியாகச் சேர்ந்தவள் அவள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு பேரணாம்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். வேலையில் அவ்வளவு கெட்டி. மெயில் வந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

அதிகாரி வரும் நாள் வெள்ளிக்கிழமை என்று பார்த்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன்!

எங்கள் பக்கம் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் வார லீவு. சாம்பிளோடு ஒருத்தரும் வர மாட்டார்கள். லேபைத் துடைத்துப் பளபளவென்று காட்டலாம்!

(என் மூளையை மியூசியத்தில் வைக்கலாம்.)

அதிகாரி வந்தார். டெல்லியில் வேலை, சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம். மரியாதையான மனிதர்.

சுற்றிப் பார்த்தார். கவுண்டரில் ஈ, காக்கா இல்லை. மெஷின்கள் எல்லாம் உறை போட்டுத் தூங்கின. ரேவதி ஏற்கெனவே துடைத்த மேஜையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். டெக்னீஷியன் இம்தியாஸ் பாய் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

அதிகாரி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க டாக்டர், ரிட்டயர் ஆனவரு போஸ்ட்டயும் சேத்து இங்க நாலு பேருக்கு வேலை இருக்குதுங்களா?"

அப்போதுதான் உறைத்தது நான் பார்த்து வைத்த வேலை.

ரிப்போர்ட்டுகளை எடுத்துக் காட்டினேன். பேப்பரில் எல்லா லேபும் பிசியாகத்தான் இருக்கிறது, கண்ணால் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றார். சாயங்காலம் சென்னைக்குக் கார், ராத்திரி டெல்லிக்கு ஃப்ளைட்.

வழக்கம்போல "சரிங்க சார்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ரேவதி கையில் துணியோடு அப்படியே நிற்பது தெரிந்தது.

"சார், நீங்க பாத்தது எங்க லேப இல்ல. வெள்ளிக்கிழமைய."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நானே கொஞ்சம் ஆடிப்போனேன்.

நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று பயந்து கடகடவென்று சொல்லிவிட்டேன். டேனரி லீவு, நாளைக்கும் எங்கள் லேப் உண்டு, நாளைக் காலை ஒரு மணி நேரம் நில்லுங்கள், அதற்கப்புறமும் ஆள் ஜாஸ்தி என்று தோன்றினால் என் பேரை முதலில் எழுதுங்கள்.

"நான் பாத்ததத்தான் எழுத முடியுமுங்க," என்றார்.

"அதத்தான் சார் நானும் சொல்றேன். பாத்துட்டு எழுதுங்க."

அவர் போனை எடுத்து டிக்கெட்டை மாற்றச் சொன்னார்.

சனிக்கிழமை காலை அவர் வருவதற்கு முன்பே கூட்டம் வந்துவிட்டது. வாசலில் டூ வீலர் நிறுத்த இடமில்லை. பிளாஸ்டிக் கவரில் தோல், கேனில் டேனரிக் கழிவுத் தண்ணீர், எல்லோர் வாயிலும் அர்ஜென்ட் என்ற ஒரே வார்த்தை.

அதிகாரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஷூ கம்பெனி சூப்பர்வைசர் அவரை எங்கள் ஆள் என்று நினைத்துவிட்டார்.

"இன்னா சார் சும்மா நிக்கிறீங்க? இதப் புடிங்க, கண்டெய்னர் வெயிட்டிங்கு."

நான் பதறிப்போய் ஓடினேன். அதற்குள் அவர் வாங்கிவிட்டார்! அடுத்த ஆளும் நீட்ட, அதையும் வாங்கினார். ரேவதி யோசிக்காமல் சாம்பிள் நம்பர் ஸ்டிக்கர் கட்டை அவர் கையில் கொடுத்து எங்கே ஒட்ட வேண்டும் என்று காட்டிவிட்டாள். காலை முழுக்க டெல்லி ஒட்டியது, ரேவதி டெஸ்ட் பண்ணினாள்.

(நான் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.)

மத்தியானம் கையைக் கழுவிவிட்டு என் ரூமுக்கு வந்தார். நாலு போஸ்ட்டும் இருக்கும் என்றார். அந்தப் பொண்ணை அடுத்த லீடர்ஷிப் டிரெய்னிங்குக்கு அனுப்புங்கள் என்றார்.

"இன்னும் ஒரு கேள்வி இருக்குதுங்க. இந்த லேபுக்கு நிரந்தர இன்சார்ஜ் யாருன்னு எழுதறது?"

"என் பேர எழுதுங்க சார்."

(சத்தியமாக நான்தான் சொன்னேன்.)

கார் கிளம்பியதும் கவுண்டருக்கு ஓடினேன். ரேவதி என் முகத்தையே பார்த்தாள்.

"மேடம்... இன்னா சொன்னாரு?"

"நீ எங்கயும் போகலம்மா. இங்கதான் இருக்கப் போற."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இம்தியாஸ் பாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தண்ணீர் எடுத்து வந்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டமே கப்சிப்.

அந்த ஷூ கம்பெனி சூப்பர்வைசர் மட்டும் மெதுவாகத் தலையை உள்ளே நீட்டினார்.

"ரொம்ப சந்தோஷம் மேடம். என் ரிசல்ட் எப்போ வரும்?"