பெயர் தெரிந்தால் வரம் இல்லை

ஒத்திலியாவை நான் நம்பியதே இல்லை. படகுத்துறையில் மீன் வறுத்து விற்பவள். வாயைத் திறந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்டவள் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள். காவல்காரன் எனக்குச் சந்தேகம் வராதா?

மக்தலேனா ஆறு எங்கள் கரையில் ஒதுக்கும் அநாதைப் பிணங்களை ஆளுக்கொன்றாக நாங்கள் எடுத்துக்கொள்வோம். செத்தவரை அடக்கம் செய்வது இரக்கச் செயல் என்பார் பாதிரியார். ஆனால் எங்கள் இரக்கத்துக்குக் கூலி உண்டு. கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மூன்று தட்டு தட்டி, லாட்டரியோ மாப்பிள்ளையோ கேட்போம். பெயரில்லாத ஆத்மா கொடுக்கும். சொந்தப் பெயர் கல்லறையில் ஏறி ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது தன் வீட்டாரிடம் போய்விடும். வரம் அதோடு சரி.

ஒத்திலியா எடுத்தது கையில் தேள் பச்சை குத்தியிருந்தவனை. தேள் கும்பல் யாரென்று ஊருக்கே தெரியும். அவள் மகன் துவானைக் கூட்டிப்போனதும் அவர்கள்தான். அவன் திரும்பவே இல்லை. பழிவாங்கத்தான் எடுத்திருக்கிறாள், ஒருநாள் எலும்பைத் தோண்டி நாய்க்குப் போடுவாள் என்று மூன்று வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

போன வியாழக்கிழமை கறுப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றாள்.

"அன்செல்மோ, உன் கையெழுத்து நல்லாருக்கும். 'எல்மெர் கின்தேரோ'ன்னு எழுது."

"அடிப்பாவி! பேரு தெரிஞ்சேதான் வச்சிருந்தியா?"

"என் கடையில தின்னவன்தானே. எம்புள்ளைய வாசல்ல வந்து கூப்பிட்டவனும் இவன்தான்."

"அப்ப இத்தனை நாளா இவன்கிட்ட என்னதான் கேட்டே?"

"துவானை எங்கடா போட்டீங்கன்னு. வேற என்னத்தக் கேப்பேன்?"

அப்போதும் எனக்குச் சந்தேகம் விடவில்லை.

"பேரெழுதினா சொல்லவே மாட்டானே! இப்ப என்ன திட்டம் போடுறே?"

"நேத்து படகுல ஒரு பொம்பள வந்தா. இவன் போட்டோவைக் காட்டி, 'எம்மகன், பாத்தியா தாயி?'ன்னா. பாக்கலைன்னு வாய் கூசாம சொல்லிட்டேன். அவ தட்டுல வச்ச மீனைத் தொடவே இல்ல." அவள் டப்பா மூடியைத் திறந்தாள். "நானும் அப்படித்தானே துறை துறையா அலைஞ்சேன்."

நாயைப் பற்றி நினைத்த என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இவ்வளவு வருஷம் கேட்டுட்டே, ஒத்திலியா. இன்னும் கொஞ்ச நாள்ல சொன்னாலும் சொல்வான். அப்புறம் துவானை யாருகிட்ட கேப்பே?"

"யாருகிட்டயும் இல்ல. எழுது. அவ இன்னும் துறையிலதான் உக்காந்திருக்கா."