ஹேண்டில் லாக்

பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய ஸ்கூட்டர் அது. எண்பதுகளில் அப்படித்தான். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் வண்டி வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைத்து, அஸ்தினாபுரத்திலிருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவேன். பக்கத்திலேயே காய்கறி கிடைக்காமல் இல்லை. விவசாயிகளே நேரில் கொண்டுவந்து விற்கிறார்கள், அதனால் புதுசாக இருக்கும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். வண்டி ஓட்ட எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில்தான் அந்த வியாபாரம் நடந்தது. இரண்டு பக்கமும் கோணி விரித்துக் காய்கறி. அதற்கு முன்னால் சைக்கிள், மொபெட், ஸ்கூட்டர். நடுவில் மிஞ்சிய இடத்தில் தள்ளுவண்டி, ஆட்டோ, மாடு, நாங்கள். டிராபிக் போலீஸ்காரர் மெயின் ரோட்டோடு நின்றுகொள்வார். உள்ளே வந்தால் அவரும் மாட்டிக்கொள்வார் என்று அவருக்குத் தெரியும்.

இத்தனை நெரிசலிலும் அந்தச் சந்து எப்படியோ நகர்ந்ததற்கு ஒரே காரணம், அங்கே எல்லோரும் கடைப்பிடித்த ஒரு வழக்கம். வண்டியை நியூட்ரலில் விடவேண்டும், ஹேண்டிலைப் பூட்டக் கூடாது. வழி வேண்டியவன் உங்கள் வண்டியை உருட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். நீங்கள் திரும்பி வரும்போது முள்ளங்கிக் கடை முன்னால் விட்ட வண்டி பூசணிக்காய்க்குப் பக்கத்தில் நிற்கும். அதற்காக யாரும் சண்டை பிடித்து நான் பார்த்ததில்லை.

இதை எனக்குச் சொன்னது கீரை விற்ற அக்கா. இரும்புலியூர் பக்கம் ஏரியை ஒட்டி அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. விடிவதற்கு முன்பே கீரை பறித்து, ஈரக் கோணியில் சுற்றி, புருஷனும் பெண்டாட்டியுமாகக் கொண்டுவருவார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் கட்டுப் போடுவார், அக்கா விற்பார். முதல் நாள் நான் ஹேண்டிலைப் பூட்டப் போனதைப் பார்த்துவிட்டு, "லாக்கு போடாத சார், பேஜாராப் பூடும். நான் பாத்துகினு கீறேன், நீ போ" என்றார். அதிலிருந்து வாராவாரம் அவரிடம்தான் கீரை வாங்கினேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ உருட்டியபோது எதிலோ இடித்து, வண்டியின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கீறல். ஒரு வாரம் முழுக்க அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். "புள்ள முட்டியச் சிராய்ச்சுக்கிட்டு வந்தப்பகூட நீங்க இப்படிப் பார்க்கலை" என்றாள் என் மனைவி. நியாயமான பேச்சு. எனக்குத்தான் உறைக்கவில்லை.

அடுத்த வாரம் சந்து நிறைந்து வழிந்தது. முனையிலேயே ஓர் இடுக்கு கிடைத்தது. வண்டியை நுழைத்து, முதல் கியரில் போட்டு, ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். யாருடைய தடி விரலும் இன்றைக்கு என் வண்டிமேல் படாது என்று ஒரு திருப்தி. முதலில் ஒரு டீ குடிக்கலாம் என்று ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கக் கடைக்குப் போனேன்.

பாதி டம்ளரில் இருக்கும்போது சந்துக்குள்ளிருந்து ஆட்டோ ஹாரன் விடாமல் கேட்டது. ஆட்கள் ஓடினார்கள். வழக்கமான தகராறு என்று நினைத்தேன். வண்டிகளை ஒவ்வொன்றாக உருட்டி வழி பண்ணிக்கொண்டே வந்தவர்கள் முனையில் நின்றுவிட்டார்கள். "சாம்பக் கலர் ஸ்கூட்டர் யார்துப்பா? லாக்கப் போட்டுகினு எங்கடா பூட்டான்?" என்று ஒருவன் ரோட்டைப் பார்த்துக் கத்தினான்.

எனக்கு நன்றாகக் கேட்டது. நான் போகவில்லை. போன மாதம் இதே மாதிரி பூட்டிவிட்டுப் போன ஒருவரை நடுரோட்டில் நிற்கவைத்து எல்லோருமாகக் கிழித்ததைப் பார்த்திருந்தேன். ஆபீசில் என்னைப் பார்த்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். ஓர் ஆட்டோ நாலு நிமிஷம் தாமதித்தால் குடி முழுகிவிடாது, கூட்டம் அடங்கட்டும், போகலாம் என்று டம்ளருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் தள்ளிப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள், இரண்டு பக்கமும் நெரிசலில் தூக்கப் பிடி கிடைக்காமல் திணறினார்கள். கடைசியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வண்டியை அப்படியே தூக்கிச் சாக்கடையில் கிடத்தினார்கள். என் டீ அதற்கு முன்பே முடிந்திருந்தது.

ஆட்டோ வெளியே வந்து குரோம்பேட்டைப் பக்கம் திரும்பியது. உள்ளே கீரைக்கார அக்கா புருஷன் தோளில் சாய்ந்திருந்தார். மணிக்கட்டுக்கு மேலே துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. கோணியைப் பிரித்துக் கீரையை அள்ளியபோது உள்ளே விரியன் இருந்திருக்கிறது. டீக்கடைக்காரர்தான் யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். இருட்டிய பிறகு, சந்தில் யாரும் இல்லாத நேரத்தில் வந்து, வண்டியைச் சாக்கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை என்று மறுவாரம் தெரிந்தது. அந்தச் சந்தில் அடைத்துக்கொண்டு நின்றது என் வண்டி மட்டுமா, பாம்பை நானா வைத்தேன், ரோட்டில் நெரிசல் இல்லையா என்று எனக்கு நானே பல தடவை வாதாடியிருக்கிறேன். ஆபீசில் நன்றாக வாதாடுபவன் என்று பெயர் எனக்கு. ஆனால் சாவி என் பையில் இருந்தது, கூப்பிட்டது என் காதில் விழுந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்காவின் புருஷன் மட்டும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் நடந்து போயிருந்தேன். மொட்டை அடித்திருந்த தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டையும் உதறி உதறி வைத்தார். என்னைப் பார்த்ததும், "அவ இருந்தா உனக்கு அரைக்கீரை எடுத்து வச்சிருப்பா சார்" என்றார். நான் குனிந்துகொண்டேன். ஒரு கட்டை உதறி என்னிடம் நீட்டிக்கொண்டே அவர் பேசினார்.

"அன்னிக்கு ஒரு ஸ்கூட்டரத் தூக்கிச் சாக்கடைல போட்டுட்டோம் சார். புதுசு. அவசரத்துல கைய கால வச்சி நசுக்கிட்டோம். அந்த ஆள் எவ்ளோ ஆசையா வாங்கினாரோ இன்னாவோ, பாவம். வந்து கேட்டா மன்னாப்பு சொல்லணும்னு பாக்குறேன், இன்னும் வரல."

அரைக்கீரைக் கட்டைப் பைக்குள் வைத்தேன்.

"ஆமாம், பாவம்தான்" என்றேன்.