காற்றில் தேடிய பிரேக்

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் இத்தனை வருடம் ஓட்டியது க்ரூஸர் பைக் இல்லை, சக்கரம் வைத்த சோபா. அவர் கால்களை முன்னால் நீட்டி மகாராஜா மாதிரி போவார். பின்னால் என் அக்கா சாய்ந்து குறட்டை விடுவாள்.

ஐம்பது வயதில் ராக்கெட் மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினார். அக்காவுக்கு உள்ளங்கை அகலத்தில்தான் சீட்.

"ஒரு ரவுண்டு வர்றேன். பயமா இருந்தா திருப்பிக் கொடுத்துடணும்" என்றாள் அக்கா.

முதல் சிக்னலிலேயே மச்சான் பழைய பழக்கத்தில் காலை முன்னால் நீட்டி பிரேக்கைத் தேடினார். அங்கே காற்றுதான் இருந்தது. எதிரே நின்ற பஸ் மலை மாதிரி வளர்ந்தது.

"காலைப் பின்னால மடக்குங்க, பிரேக் அங்கதான் இருக்கு, கை பிரேக்கையும் பிடிங்க" என்று அக்கா கத்தினாள். பஸ்ஸுக்கு ஒரு விரல் இடைவெளியில் வண்டி நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பைக் கடைக்காரர் இதைச் சொன்னப்ப நீங்க கண்ணாடில மீசையப் பார்த்துட்டு இருந்தீங்க. நான் கேட்டேன்."

மச்சான் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "திருப்பிக் கொடுத்துடலாமா?"

"இத்தனை வருஷம் தூங்கியே வந்துட்டேன். இப்பதான் ரோட்டையே பார்க்கிறேன். ஓட்டுங்க."

இப்போது யார் பைக்கைப் புகழ்ந்தாலும், "நல்ல பிரேக் பின்னாடி உட்கார்ந்திருக்கு" என்று அக்காவைக் கும்பிடுகிறார்.