வெண்டல் மச்சான் நாயிடம் சொன்னது

என் அக்காள் புருஷன் வெண்டல் ஊரறிந்த வாயாடி. அமெரிக்காவில், மினசோட்டா ஆற்றங்கரையில், டகோட்டா பழங்குடியினரான எங்கள் குடியிருப்பில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். கோடையில் முரசடித்து ஆடும் விழாவில் மைக் அவர் கையில்தான். திரும்ப வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஆனால் என் அம்மா எதிரே வந்தால் ஆள் தலை குனிந்து சுவரோடு சுவராகிவிடுவார். எங்களில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பகையெல்லாம் இல்லை, அதுதான் மரியாதை. சொல்ல வேண்டியதை அக்காள் மூலம் சொல்வார்கள். அவசரமென்றால் நாயிடம் சொல்வார்கள், மற்றவர் கேட்டுக்கொள்வார். கொழுந்தியாளான எனக்கோ மச்சானை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டலடிக்க உரிமை உண்டு. அதில் நான் குறை வைத்ததே இல்லை.

இந்த மார்ச்சில் அம்மாவுக்கு இதயத்தில் அடைப்பு, இந்த வாரமே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அம்மா ஒரே பிடிவாதம்.

"மேப்பிள் மரத்துல சாறு இறங்குற நேரம். பாகு காய்ச்சாம எங்கயும் வரமாட்டேன், போங்கடி."

அக்காள் அழுதாள். நான் கத்தினேன். ம்ஹூம், அசையவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் மேப்பிள் தோப்புக்குப் போனோம். எங்கள் வழக்கப்படி மரத்தடியில் புகையிலை படைத்து வேண்டிக்கொண்டு அம்மா சாறு வாளியைத் தூக்கினாள். நாலடி நடப்பதற்குள் மூச்சு முட்டி மரத்தைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் அவளை உட்காரவைத்தேன்.

வெண்டல் பாகு காய்ச்சும் கொப்பரைக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டி உட்கார்ந்து, பூட்ஸ் என்ற எங்கள் நாயை மடியில் இழுத்துக்கொண்டார்.

"என்ன மச்சான், நாய்கிட்ட பஞ்சாயத்தா?" என்றேன்.

"நீ கொஞ்சம் வாய மூடு, கொழுந்தியா." பிறகு நாயிடம் பேசினார். "பூட்ஸு, என்னைப் பெத்தவ மூஞ்சிகூட எனக்கு ஞாபகமில்லடா. இந்த வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்குன்னு ஒருத்தங்க சோத்தை எடுத்து மூடி வச்சாங்க. பாகு அடுத்த வருசமும் காய்ச்சலாம். இவங்களும் போயிட்டா, நான் யாரு முன்னாடிடா இப்படித் தலை குனிஞ்சு நிப்பேன்?"

அம்மா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் நாயைத்தான் கூப்பிட்டாள்.

"பூட்ஸு, அந்த ஆளுகிட்ட சொல்லு. பாகை அடிப்பிடிக்க விட்டா, திரும்பி வந்து தோலை உரிச்சிருவேன்."

எழுந்து, பாகு கிண்டும் தன் மர அகப்பையை எடுத்து அவருக்குப் பின்னால் ஒரு கட்டைமேல் வைத்தாள். பெற்ற பெண்கள் எங்களையே அதைத் தொடவிட்டதில்லை. "வண்டிய எடுங்கடி" என்றாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அம்மா வீடு திரும்பிய அன்று மச்சான் காய்ச்சிய பாகு பாட்டிலை அக்காள் திறந்தாள். ஐயோ, கருகல் வாடை! அடுப்படியில் மச்சான் சுவரோடு சுவரானார்.

அம்மா ரொட்டியைத் தொட்டுத் தொட்டு, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.